பாலீஷ் வாசனை

எந்த இடத்துக்கு வேலைக்குப் போனாலும் அக்கா முதலில் அளவு டேப்பை எடுக்க மாட்டார். தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். டியூப் லைட் எப்படி இரைகிறது, மின்விசிறி எங்கே முனகுகிறது, நாற்காலியை இழுத்தால் எப்படிக் கீச்சிடுகிறது, எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் பென்சில். "தியானம் முடிஞ்சுதாக்கா?" என்று கிண்டல் செய்வேன். நான் அவரிடம் மரத்துக்குப் பாலீஷ் போடுகிறவன். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பணக்கார வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்துகொண்டிருந்தவரை இப்படி மாற்றியது அவர் மகன். ஆட்டிசம் உள்ள பிள்ளை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவான். மூன்று பள்ளிகள் கையை விரித்துவிட்டன. நாலாவது பள்ளியின் தலைமையாசிரியை, "ஒரு மாசம் பாக்கலாம். கத்திக் கலாட்டா ஆச்சுன்னா மன்னிச்சுக்கங்க" என்று கெடு வைத்தார்.

அந்தப் பள்ளியில் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த ஒரு சின்ன அறையை அக்கா கேட்டு வாங்கினார். இரைச்சல் தாங்காத எந்தப் பிள்ளையும் வந்து ஒதுங்கலாம் என்று. மங்கலான விளக்கு, கனத்த திரை, தடித்த மெத்தை, சுருண்டு படுக்க ஒரு மரக்கூடு. கூட்டுக்கு நான்தான் பாலீஷ் போட்டேன்.

"நாளைக்கே திறக்கலாமா தம்பி?"

"தாராளமா. வாசனையே இல்ல பாருங்க."

அக்காவும் குனிந்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

இருபது வருஷமாகப் பாலீஷில் கலக்கும் தின்னரில் ஊறிய மூக்கு என்னுடையது. அக்காவுடையதும் கிட்டத்தட்ட அப்படித்தான். காதுக்கும் கண்ணுக்கும் அவ்வளவு பார்த்த நாங்கள், மூக்கைக் கோட்டைவிட்டோம்.

மறுநாள் பையன் கூட்டுக்குள் தலையை நீட்டினான். அவ்வளவுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினான், சுவரில் தலையை மோதினான். அக்கா அவனை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். சாயங்காலமே, இனி அனுப்ப வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

"என் மூக்குக்கும்தானே தெரியல தம்பி" என்றார் அக்கா. திட்டியிருந்தால் தேவலை. பத்து நாள் காயட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம் நான், பாவி.

மூன்று மாதம் கழித்துக் கதவின் கீலைச் சரிசெய்ய அங்கே போனேன். கூட்டுக்குள் ஒரு சிறுமி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தினமும் நாலைந்து பிள்ளைகள் வருகிறார்களாம். சந்தோஷம் தாங்காமல் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நிஜமாவா? நல்லா இருக்கட்டும்."

"பையனையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்கக்கா. டீச்சர்கிட்ட நான் பேசறேன்."



"போன வாரம் அவங்களே கூப்பிட்டாங்க தம்பி. கூட்டிட்டு வந்தேன். ஸ்கூல் கேட்டப் பாத்ததும் என் கைய உதறிட்டு நடுரோட்டுல ஓடிட்டான். இப்ப நாங்க அந்தத் தெரு வழியாவே போறதில்ல."