மெழுகுதிரியும் ஐந்தாம் ரவையும்

அணைந்த மெழுகுதிரியின் புகைக்கென்று ஒரு மணம் உண்டு. அதனை முகரும்போது பிறர்க்குக் கோயிலின் அமைதி நினைவுக்கு வரக்கூடும். எனக்கு வருவது ஒரு காற்றுத் துப்பாக்கியின் சிற்றொலிதான். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட ஆண்டு அது. தூத்துக்குடியில் எங்கள் மாதா கோயில் திருவிழாக் கடைவரிசையில், எரியும் சுடரைச் சுட்டு அணைக்கும் கடையொன்றின் முன்னே, பத்து வயதுச் சிறுமியாக நான் நின்றிருந்த ஒரு பிற்பகலை இத்தனை ஆண்டுகளாக என்னுள்ளேயே வைத்திருந்தேன்.

என் தந்தையார் சங்குக் குளிப்பவர். முத்துக் குளிப்பு எங்கள் கடலில் நெடுநாளாக நின்றுபோயிருந்தமையால், குளிகாரர் யாவரும் சங்கையே நம்பியிருந்தனர். காலில் கல்லைக் கோத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை அடைத்து, அடிமணலுக்கு இறங்கி, கைக்கெட்டிய சங்குகளை வலைப்பையில் இட்டு, மூச்சு முட்டும் வேளையில் இடுப்புக் கயிற்றை ஒருமுறை சுண்டுவார் குளிகாரர். வள்ளத்தில் அக்கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர், அச்சிறு அசைவை உள்ளங்கையில் உணர்ந்த கணமே இழுத்தாக வேண்டும். அவர் பேசக்கூடாது; திரும்பிப் பார்க்கக்கூடாது; ஈ மொய்த்தாலும் கையை எடுக்கக்கூடாது. அதனால்தான் கயிற்றைப் பிடிக்கும் உரிமை மனைவியின் உடன்பிறந்தானுக்கே உரியது என்னும் வழக்கம் எங்கள் கரையில் வேரூன்றியிருந்தது. “அண்ணன் தம்பின்னா பங்காளி, மச்சான்தாம்லே உசிர இழுப்பான். அக்கா தாலி அவன் கையிலல்லா கெடக்கு” என்று தந்தையார் அடிக்கடி சொல்வார். என் தாய்க்கு உடன்பிறந்தவர் ஒருவரே. அவர் சவரிமுத்து மாமா.

மாமாவுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. திருவிழாவுக்குச் சில வாரங்களுக்கு முன் ஒருநாள், எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமர நிழலில் அமர்ந்து சங்குப்பையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தவர் என்னை அழைத்தார்.

“ஏளா, இங்கன வா. இந்த ஊசில நூலக் கோத்துக் குடு.”

“நீங்களே கோக்கலாம்லா மாமா?”

“கண்ணு மங்கிட்டுளா. கெழவனாயிட்டேன்.”

நான் சிரித்துக்கொண்டே ஊசியை வாங்கும்போதுதான் அவர் விரல்களைக் கண்டேன். காற்றில் படபடக்கும் ஓலைநுனிபோல அவை ஓயாது நடுங்கின. நான் பார்த்துவிட்டேன் என்பதை அவரும் பார்த்துவிட்டார். சட்டைப்பையிலிருந்த “லேஞ்சி” என்னும் கைக்குட்டையை எடுத்து, வியர்வையே இல்லாத உள்ளங்கையை நெடுநேரம் துடைத்தார். பிறகு, வேறு எவரிடமும் சொல்ல இயலாததைச் சிறுபிள்ளையிடம் சொல்லிவிடுபவரைப்போல, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“கொழும்புச் சேதி வந்த மறுவாரம். கடல்ல நிக்கோம். ஏரோப்ளேன் சத்தம் கேட்டுச்சு. எல்லாவனும் அண்ணாந்து பாத்தானுவ. நானும் பாத்துட்டேம்ளா. கயிறு மூணுவாட்டி சுண்டிருக்கு. மூணாவது வாட்டிதான் எனக்கு ஒறச்சுது. அன்னைலேருந்து இந்தக் கை நிக்க மாட்டங்கு.”

அந்நாள் எனக்கு நினைவிருந்தது. மூக்கிலிருந்து வழிந்த குருதி மார்பில் உறைந்திருக்க வீடு திரும்பிய தந்தையார், நீரோட்டம் கயிற்றை இழுத்துவிட்டது என்று தாயிடம் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படியே நம்பியிருந்தார்.

“அக்காகிட்ட சொல்லிராத. மாதா மேல சத்தியம் பண்ணு” என்றார் மாமா. பண்ணினேன். சத்தியம் என்பது எத்துணைப் பாரம் என்பதை அவ்வயதில் யார் அறிவார்?

பாரம் தெரிய நெடுநாள் ஆகவில்லை. திருவிழாக் கொடி ஏறிய மறுநாள், தந்தையார் செல்லும் வள்ளத்தின் தலைவரான மிக்கேல் தண்டல் எங்கள் வீட்டு வாயிலில் வந்து நின்றார். உரத்த குரலும் பெரிய மீசையும் உடையவர். கேலி செய்யாமல் அவருக்கு ஒரு சொல்லும் வாயினின்று வராது.

“ஏலே, ஒம் மாப்பிள்ள சவரிமுத்து காப்பி குடிச்சா தம்ளரு தாளம் போடுதாம்லா. அவன் கயிறு பிடிப்பானா, உடுக்கு அடிப்பானா?”

“ஒம்ம வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும் தண்டல். அவன் கை கல்லு மாதிரி” என்றார் தந்தையார்.

“கல்லுன்னா காட்டச் சொல்லு. திரி சுடுத கடை போட்டுருக்காம்லா, அங்கன வரட்டும். அஞ்சு ரவை சுடட்டும். மூணு திரிய அணைச்சாம்னா என் வள்ளத்துல கயிறு பிடிக்கட்டும். இல்லன்னா வேற ஆளப் பாரு.”

முற்றத்தில் நின்றிருந்த மாமா இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டியிருந்தார். “சரி தண்டல்” என்ற ஒன்றையே சொன்னார்.

அன்று தொடங்கிய அச்சத்தை இன்று எழுத்தில் அடக்குவது அரிது. மாமா வென்றால், சில வாரங்களில் தொடங்கவிருந்த பருவத்தில் என் தந்தையாரின் உயிர் அந்த நடுங்கும் கையில் தொங்கும். உண்மையைச் சொன்னாலோ மாதாவின் பெயரால் செய்த சத்தியம் முறியும். முறித்தவர்க்கு என்ன நேரும் என்பதை மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்கு விளக்கமாகவே சொல்லியிருந்தார்கள். தந்தையார் குளிப்பதற்கு முன் செய்வதுபோல நெஞ்சை விரித்து மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவருடைய விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன். இறுதியில் ஒரு வழியைக் கண்டேன். அது வெட்கத்துக்குரிய வழி. நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் வழியில் கோயிலில் முழந்தாளிட்டு, என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மாமா ஊரறியத் தோற்றுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சவால் நிறைவேற வேண்டிய பிற்பகலும் வந்தது. போருக்கு முன்னெல்லாம் அக்கடையில் பலூன்களைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். ரப்பரெல்லாம் போருக்குப் போய்விட்டதால், பலகை ஒன்றில் ஐந்து மெழுகுதிரித் துண்டுகளை நிறுத்திக் கொளுத்தியிருந்தார் கடைக்காரர். கடற்காற்று படாதிருக்க மூன்று புறமும் படுதா. திரிகளுக்குப் பின்னே மணல் மூட்டைகள். அவற்றுள் பழைய பஞ்சுச் சாக்கு ஒன்றில், இரண்டாம் திரிக்கும் மூன்றாம் திரிக்கும் இடையே தெரியுமாறு, ஒரு கரிய நட்சத்திர முத்திரை குத்தப்பட்டிருந்தது. வள்ளத்து ஆட்கள் அனைவரும் கூடிவிட்டனர். நான் கூட்டத்தின் கால்களுக்கிடையே நுழைந்து, மாமாவின் வலது முழங்கையை ஒட்டி நின்றுகொண்டேன். அவர் தோளிலிருந்து குழலின் முனை வரைக்கும் ஒரே கோடாக என் கண்ணுக்குத் தெரிந்தது.

மாமா துப்பாக்கியைத் தோளில் சார்த்தி, எங்கள் கரையில் பிறந்த எவரும் செய்வதையே செய்தார். நெஞ்சு புடைக்க மூச்சை இழுத்து அடைத்துக்கொண்டார். “பிடிலே! மூச்சப் பிடி!” என்று கூட்டம் முழங்கிற்று. புடைத்த நெஞ்சின் ஒவ்வொரு துடிப்பும் குழலின் முனையில் ஏறி ஆடியது. முதல் ரவை படுதாவில் பட்டது. இரண்டாவது எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கடைக்காரர் மூன்றாவது ரவையை இட்டுக்கொண்டே, “மூச்சை முழுசா அடைக்காதீங்கண்ணே. பாதி வெளிய விட்டுட்டு, மிச்சத்தோட சுடுங்க. நெஞ்சு நிறைஞ்சா குழல் ஆடும்” என்றார்.

“போவும்வே! மூச்ச விட்டவன் மேல வந்த கதை உண்டா?” என்றார் தண்டல். கூட்டம் சிரித்தது. எங்களுக்கு அது நகைப்புக்குரிய அறிவுரையே. மூச்சை விடாதிருப்பதே உயிர்வாழ்வது என்று தாய்ப்பாலோடு கற்றவர்கள் நாங்கள்.

மாமா சிரிக்கவில்லை. கடைக்காரரை ஒருமுறை பார்த்தார். பிறகு மெல்ல, ஒரு பெருமூச்சின் பாதிபோல, காற்றை வெளியே விட்டார். தோள்கள் தாழ்ந்தன. குழல் அசைவற்று நின்றது. மூன்றாவது ரவைக்கு இடது ஓரத்துத் திரி அணைந்து புகைந்தது. நான்காவதுக்கு அதன் அடுத்த திரி.

அந்த இரு புகைக்கோடுகளும் என்னை நோக்கி வளைந்து வந்ததை இப்போதும் காண்கிறேன். தந்தையார் கைதட்டி, “பாத்தீரா தண்டல், எம் மாப்பிள்ளைய!” என்று கூவினார். இன்னும் ஒரே ரவை. இப்போதே கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன், மாதாவின் பெயரால் செய்த சத்தியம் நினைவுக்கு வர மூடிக்கொண்டேன். கடல் நீருக்கடியில், கயிறு சுண்டியும் எவரும் இழுக்காத நிலையில், தந்தையாரின் வாய் திறப்பது ஏனோ கண்முன் தோன்றிற்று.

மாமா ஐந்தாம் முறை துப்பாக்கியை உயர்த்தினார். ஆரவாரம், கேலி, தண்டலின் இருமல் எதுவும் அவர் செவியில் விழுந்ததாகத் தெரியவில்லை. பாதி மூச்சை விட்டார். குழல், எரிந்துகொண்டிருந்த மூன்றாம் திரியின் சுடரில் போய் நின்றது. அப்படி ஓர் அசைவின்மையை அவர் கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அந்நிலையில் ஓர் இமைப்பொழுது இருந்தார். பிறகு, நடுக்கத்தால் அன்று, நிதானமாக, ஊசியில் நூலைச் செலுத்துபவர்போல, குழலை ஒரு விரற்கடை இடப்புறம் நகர்த்தினார். நிறுத்தினார். சுட்டார்.

நட்சத்திரத்தின் நட்டநடுவில் ஒரு துளை விழுந்து, அதிலிருந்து மணல் ஒழுகத் தொடங்கிற்று. சுடர் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

“நட்சத்திரத்தச் சுட்டுட்டாம்லே! சங்கு வானத்துலயா கெடக்கு?” என்று தண்டல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டமும் சிரித்தது. மாமா துப்பாக்கியைப் பலகையின்மேல் வைத்தார். வைத்த மறுகணமே அவர் கை மீண்டும் நடுங்கியது. அதை மறைக்க அவர் இம்முறை முயலவில்லை. அதைத் தந்தையார் கண்டார்.

தந்தையாரின் சிரிப்பு நின்றது. நெடுநேரம் அந்தக் கையையே பார்த்திருந்தார். “வேற ஆளு கயித்துல நான் எறங்க மாட்டேன் தண்டல். நீரு வேற குளிகாரனப் பாரும்” என்று சொல்லிவிட்டு, என் கையைப் பற்றி அழைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நானோ அச்சம் நீங்கிய களிப்பில் அழுதுகொண்டே நடந்தேன். மாமாவின் தோல்விக்கு அழுவதாக அவர் எண்ணிக்கொண்டார்.

அன்று மாலை தாய் மாமாவுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, “இன்னும் ஒரு திரிய அணைக்க ஒனக்குக் கை வலிச்சுதாக்கும்?” என்று கேட்டாள். மாமா தலைகவிழ்ந்து உண்டார். குளிப்பை விட்ட தந்தையார் துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமந்தார்; தோள் புண்ணாகி, புண்ணில் உப்பேறி, தின்னும் எரிச்சலை அவர் பல்லைக் கடித்துப் பொறுத்த மாலைகள் பல. எங்கள் உலையில் அரிசி குறைந்து கஞ்சி மிகுந்தது. மாமாவுக்கோ ஊர் “நட்சத்திரம்” என்றே பெயரிட்டுவிட்டது. பஞ்சுக் கிடங்கில் வண்டி தள்ளப் போகையில், தெருப்பிள்ளைகள்கூட “ஏலே, நட்சத்திரம் வாரான்!” என்று பின்தொடர்வார்கள். அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து என் திருமணப் பந்தலுக்கு மாமா ஓலை கட்டிக்கொண்டிருந்தார். அருகில் எவரும் இல்லை. “அஞ்சாவது ரவைய நான் பாத்தேன் மாமா” என்றேன்.

அவர் கையிலிருந்த ஓலை நின்றது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரு மூச்சுக்குக் கை நின்னுச்சு, நெசந்தான். ஒங்கப்பா ஒரு நாளைக்கு நாப்பது வாட்டி முங்குவார்லா. நாப்பதுக்கும் நிக்குமான்னு எனக்குத் தெரியலளா.” ஓலையைக் கீழே வைத்துவிட்டு, “நானாச் சொல்லிருந்தா மச்சான் சிரிச்சுக்கிட்டே கயித்த என் கையில குடுத்துருப்பாரு” என்றார். மீண்டும் ஓலையை எடுத்து, “அக்காகிட்ட சொல்லிராத” என்றார்.

சொல்லவில்லை. தந்தையார் முதுமையெய்தி, கட்டிலில், என் தாயின் மடியில் தலைவைத்து இறந்தார். பின்னர்த் தாயும், அவளுக்குப் பின் மாமாவும் சென்றனர். யாருக்காக என் வாக்கைக் காத்தேனோ அவர்களில் எவரும் இப்போது எஞ்சவில்லை, ஆதலின் எழுதிவிட்டேன்.

கயிற்றோடு இறங்கிய குளிப்பும் முடிந்துபோயிற்று. இன்று இயந்திரத்திலிருந்து குழாய்வழியே காற்று கீழே செல்கிறது. மைத்துனன் கையை நம்பிக் கடலில் இறங்குவோர் இல்லை. சென்ற திருவிழாவில் கடைவரிசையில் நடந்தேன். பலூன்கள் திரும்பிவந்து நெடுங்காலமாகிவிட்டது. பின்னே மணல் மூட்டைக்கு மாறாகத் தகரம். இளைஞன் ஒருவன் நெஞ்சு புடைக்க மூச்சடைத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். பாதி மூச்சை விடு என்று சொல்ல நாவெழுந்தது. சொல்ல முடியவில்லை, அவன் தோளுக்குப் பின்னே நின்ற என் மூச்சும் நெஞ்சிலேயே அடைபட்டு நின்றிருந்தது.