மூணு போட்டுக்க, சாமி

செய்தி வந்தபோது சேலம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். மரகதம் அக்காவின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க. காப்பி கேட்டாங்க, கொண்டு வாரதுக்குள்ள..." மிச்சம் இரைச்சலில் கேட்கவில்லை. கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது? அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அக்கா வீடு இருக்கும் ராசிபுரத்துக்குப் பஸ் பிடிக்க எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

ஒரே கல்லூரியில் வேலை எங்களுக்கு. அக்கா உளவியல் பாடம் எடுத்தார், நான் புள்ளியியல். மனிதர்கள் எதனால் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அவர் போய்க் கேட்டு வருவார், நான் கணக்குப் போடுவேன். நாள் முழுக்கச் சண்டை போடுவோம், மதியச் சோறு மட்டும் ஒன்றாகச் சாப்பிடுவோம்.

ஒருமுறை ராசிபுரத்து நெசவாளர் வீடுகளுக்கு இருவரும் போனோம். உங்கள் சந்தோஷத்துக்குப் பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று கேட்டோம். வீட்டுக்கு வீடு மூணு, நாலுதான். ஊரே துக்கத்தில் கிடக்கிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அடுப்பில் கேசரி வெந்துகொண்டிருந்தது, அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பல். அவரும் "மூணு போட்டுக்கங்க" என்றார். நாங்கள் வாசல் தாண்டியதும் பின்னாலேயே ஓடிவந்து, கையில் கேசரியைத் திணித்து, "வெளிய சொல்லிப்போடாதீங்க சாமி, கண்ணு பட்டுரும்" என்றார்.

அக்கா நடுத்தெருவில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நாமளும் இந்த ஊர்க்காரிகதானே? உங்கம்மாவோ எங்கம்மாவோ என்னைக்காச்சும் நல்லா இருக்கறேன்னு வாய் தொறந்து சொல்லியிருக்காங்களா? இதைப் போயிக் கேட்டோம் பாரு!"

அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. நேற்று எதற்குச் சிரித்தீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்றுதான் பேச்சுக் கொடுப்பார். "சந்தோஷத்தை நேராக் கேட்டா ஒளிஞ்சுக்கும் சாமி. பக்கத்துல செத்த நேரம் உக்காரோணும்" என்பார். இதை எப்படி அட்டவணையில் போடுவது என்று நான் எரிந்து விழுவேன்.

சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, கடைசியில் நோய் வேறு. "ஊருக்கெல்லாம் சந்தோஷத்தைப் பத்திப் பாடம் எடுத்தாங்க, பாவம், அவங்க என்ன சொகத்தைக் கண்டாங்க?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்தபடி, நான் கொண்டுபோன தயிர்சோற்றை ருசித்துச் சாப்பிட்டார். உப்புக் குறைவு என்று வழக்கம்போல் வம்பிழுத்தார். கிளம்பும்போது மனது கேட்காமல் கேட்டுவிட்டேன். "இத்தனை நாள்ல உங்களை நான் கேட்டதே இல்லையேக்கா. பத்துக்கு எத்தனை?"

அக்கா சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூணு போட்டுக்க, சாமி."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வெளிய சொல்லிப்போடாத!"

அக்காவை அறிந்தவர்களே, இனி அவர்மேல் எந்தக் கண்ணும் படாது. அதனால் சொல்லிவிட்டேன். அந்தக் குரல் மட்டும் எனக்கு, அதை யாருக்கும் தருவதாக இல்லை.

மதியத்தில் டப்பாவைத் திறந்தால் எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது. இன்று யாராவது என்னைக் கேட்டால் நானும் மூணு என்றுதான் சொல்வேன். ஆனால் அக்கா, என்னுடையது உள்ளபடியே மூணு.