நடுவில் மூன்று பட்டன்கள்

கம்பெனியில் அவளுக்கு நூலக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. தைத்து முடித்த சட்டையில் ஒரே ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அவள் விடமாட்டாள். சிவப்பு ஸ்டிக்கரைப் பட்டென்று ஒட்டி ஓரமாகப் போட்டுவிடுவாள். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் சரி, கொஞ்சினாலும் சரி, ஒட்டியது ஒட்டியதுதான்.

அவள் மேஜையை ஒட்டி ஒரு துணிப் பொம்மை நின்றது. தலையும் கிடையாது, கையும் கிடையாது. கழுத்திலிருந்து இடுப்பு வரை ஓர் உடம்பு, கீழே ஒற்றை இரும்புக் கால். ஒவ்வொரு சட்டையையும் அதற்கு மாட்டி, எல்லாப் பட்டனையும் போட்டு, முன்னும் பின்னும் பார்த்து, கழற்றி மடித்து வைக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே வேலை.

“நேரா நில்லுடி. மூச்சை உள்ள இழு” என்று பொம்மையை அதட்டுவாள்.

பக்கத்து மெஷினில் காஜா போடுகிற பெண் சிரிப்பாள். பட்டன் நுழைகிற ஓட்டைகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. “அவ எதிர்த்துப் பேசமாட்டாங்கிற தைரியம் அக்காவுக்கு.”

“எதிர்த்துப் பேசத்தான் நீ ஒருத்தி இருக்கியே, போதும்டி.”

அந்தப் பருவத்தில் வந்த பூவேலைச் சட்டையைப் பார்த்து லைன் முழுக்க மயங்கிப் போனது. தும்பைப்பூ நிறத்தில் மெல்லிய பருத்தி. நீல நூலில் ஒரு கொடி வலது தோளில் கிளம்பி, மார்பைக் கடந்து, இடது விலாவைச் சுற்றிப் பின்பக்கம் போய் முடியும். முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை துணி சுற்றிய ஒன்பது குட்டிப் பட்டன்கள். ஒவ்வொரு சட்டையோடும் ஒரு அட்டை கட்ட வேண்டும். அதில் அணியும் முறை அச்சிட்டிருந்தது. நீளப் பாவாடைக்குள் லேசாகச் செருகிக்கொள்ளுங்கள், கையை முழங்கை வரை மடித்துவிடுங்கள், பட்டன்கள் தெரியும்படி கூந்தலை உயர்த்திக் கட்டுங்கள். எல்லாம் எழுதியிருந்தார்கள். முதுகில் பட்டன் போட்டுவிட வீட்டில் ஆள் வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை.

ஒரு சட்டையில், கொடியின் ஓர் இலை பச்சை நூலில் விழுந்திருந்தது. அவள்தான் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டினாள். “ஒதுக்கினது நீங்கதானே? நீங்களே எடுத்துட்டுப் போங்க” என்று சூப்பர்வைசர் அலுப்போடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

சரியாக அந்த வாரம்தான் மகளிடமிருந்து போன் வந்தது. பேத்தியின் முதல் பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

“கண்டிப்பா வந்துடும்மா. அப்புறம்… நல்லதா ஏதாவது போட்டுட்டு வா. போன தடவை மாதிரி கம்பெனி கோட்டோட வந்து நிக்காத. அவங்க சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க.”

“சரிம்மா” என்றாள். வேறென்ன சொல்வாள்? ஒற்றை ஆளாக, மெஷினில் ஊசி ஏறிய விரல்களோடு வளர்த்த பெண். நகரத்தின் அந்தக் கோடியில், லிப்ட் வைத்த கட்டடத்தில், நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்குத் தலைகுனிவு வரக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, கதவைத் தாளிட்டு, சட்டையை எடுத்தாள். அப்போதுதான் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தாள். பொம்மைக்குப் போட்டுப் போட்டுப் பழகிய கை அல்லவா? ஒன்பது பட்டனையும் வரிசையாகப் போட்டு முடித்த பிறகு சட்டையைத் தலைவழியாக மாட்டினாள். தோளில் இறுகி நின்றுவிட்டது. இரண்டு கையும் மேலே, முகம் உள்ளே. இழுத்தால் தையல் விடும் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த வெள்ளை இருட்டுக்குள், அறை நடுவில், யாரிடமோ சரணடைந்தவள் மாதிரி நின்றாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. சத்தம் போட்டுக் கூப்பிட்டாலும் வர ஒருத்தரும் இல்லை என்று நினைத்ததும் சிரிப்பும் நின்றுவிட்டது.

மெல்ல மெல்ல உருவி வெளியே வந்தாள். மறுபடி முறையாகப் போட்டுக்கொண்டாள். கையைத் தோளுக்கு மேலே கொடுத்து மேலே மூன்று. கீழிருந்து முதுகை வளைத்துக் கீழே மூன்று. நடுவில் மூன்று மட்டும் எந்தக் கைக்கும் எட்டவில்லை. எதிர் வீட்டில் இரண்டு இளவட்டங்கள் குடியிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு முதுகைக் காட்டினால் கட்டடமே கைகொட்டிச் சிரிக்கும்.

விலாவில் பிரித்து ஒரு ஜிப் வைத்தால் பட்டன்களைப் போட்டபடியே மாட்டிக்கொள்ளலாம், கதை முடிந்தது. கத்தரிக்கோலைக் கையில் எடுக்கவும் எடுத்தாள். அங்கேதான் கொடி ஓடுகிறது. வெட்டினால் கொடி இரண்டாகிவிடும். அப்போது அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்தவுடன் நெஞ்சு குறுகுறுத்தது.

மூணு பட்டன்தானே? அவ போட்டு விடுவா.

எத்தனை வருடம்! தினமும் காலையில் மகளின் பள்ளிக்கூடத்துக் கவுனுக்குப் பின்னால் பட்டன் போட்டுவிடுவாள். ஓரிடத்தில் நிற்காத பெண் அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்கு முதுகைக் காட்டி அடங்கி நிற்கும். “நேரா நில்லு. மூச்சை உள்ள இழு.” பிடரியில் பவுடர் வாசம். இன்றைக்கு இடம் மாறி நிற்கப் போகிறோம். அந்த ஒரு நிமிஷம் கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று கத்தரிக்கோலைப் பெட்டிக்குள் போட்டாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள். வழி நெடுக, யாரும் பின்னால் இடித்துவிடாதபடி கம்பியில் முதுகைச் சாய்த்தே நின்றாள்.

வீடு நிறைய ஆட்கள். சம்பந்தியம்மா பேத்தியை இடுப்பில் வைத்தபடி எதிர்கொண்டு அழைத்தாள்.

“வாங்க சம்பந்தி! அடடா, என்ன அழகான வேலைப்பாடு! எங்க வாங்கினீங்க?”

நூலக்கா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். “புதுசா ஒரு பெரிய கடை வந்திருக்குல்ல அத்தை, அங்க. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.”

அந்தச் சட்டையின் ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்த்துச் சோதித்தவள் அங்கேதான் நின்றாள். சுருக்கென்றது. பச்சை இலையைச் சால்வையால் மூடிக்கொண்டாள்.

“இந்தப் புழுக்கத்துல சால்வை எதுக்கு? கழட்டிப் போடுங்க, அழகெல்லாம் மறையுது.”

“இல்ல… கொஞ்சம் குளிருற மாதிரி இருக்கு.”

“குளிருதா?” சம்பந்தியம்மாவின் முகம் மாறியது. “காய்ச்சலா இருக்கப் போகுது. குழந்தை இருக்கிற இடம் பாருங்க…” என்று இரண்டடி பின்னால் போனாள். நூலக்கா நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, பேத்தி அடுத்த அறைக்குப் போய்விட்டது.

பாவம் நூலக்கா! மூன்று பட்டன் போடாததால் பேத்தியைத் தொடக்கூட முடியாமல், பலூன்களுக்கு நடுவே ஒரு நாற்காலியில் ஒண்டி உட்கார்ந்திருந்தாள். மகள் தட்டும் டம்ளருமாகக் குறுக்கே ஓடும்போதெல்லாம் “ஒரு நிமிஷம்மா” என்றாள். “இதோ வரேம்மா” என்று மகளும் ஓடினாள். கடைசியில் கையைப் பிடித்தே நிறுத்த வேண்டியிருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

“உடம்பு சரியில்லேன்னா போன்லயே சொல்லக் கூடாதா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லடி” என்று சால்வையை எடுத்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

“ஐயோ! இப்படியேவா பஸ்ல வந்தே?”

“சால்வை இருந்துச்சே.”

“யாரையாவது போட்டுவிடச் சொல்ல வேண்டியதுதானேம்மா?”

“யாரை?”

கோபமாகச் சொல்லவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டாள், அவ்வளவுதான். பிறகு மகளின் விரல்கள் முதுகில் பட்டன. குளிர்ந்த விரல்கள். பழச்சாறு ஊற்றிய ஈரம் இன்னும் காயவில்லை. நூலக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கணவர் கண்ணை மூடியதிலிருந்து அந்த முதுகை இன்னொரு கை தொட்டதில்லை. சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். எதிலிருந்து தொடங்குவது என்று யோசிப்பதற்குள் மகளின் போன் அலறியது.

“ஹலோ… கேக்கா? எங்க நிக்கிறீங்க?” போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். விரல்கள் அவசரமாயின. “நேரா நில்லு. மூச்சை உள்ள இழு… ஐயோ, உங்களைச் சொல்லலைங்க! பெட்ரோல் பங்கைத் தாண்டி வலது பக்கம் திரும்புங்க. வலது பக்கம்! இருங்க, நானே கீழ வரேன்…”

நூலக்கா நேராக நின்றாள். மூச்சை உள்ளே இழுத்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகும், கொஞ்ச நேரம், இழுத்த மூச்சை விடாமல் அப்படியே நின்றிருந்தாள்.

கையை வளைத்துத் தடவிப் பார்த்தாள். கொஞ்சம்தான் எட்டியது, அந்தக் கொஞ்சமே அவளுக்குப் போதும். துணி ஒரு பக்கம் உப்பியிருந்தது. மகள் ஒரு காஜா தள்ளிப் போட்டிருக்கிறாள். நான்காவது பட்டன் ஐந்தாவதில், ஐந்தாவது ஆறாவதில். மிச்சம் ஒரு பட்டன் போக இடமில்லாமல் தொங்கியது.

உயர்த்திக் கட்டியிருந்த கூந்தலை அவிழ்த்துப் பின்னி முதுகில் விட்டாள். சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளியே வந்து, “காய்ச்சல் எல்லாம் இல்ல சம்பந்தி, தொட்டுப் பாருங்க” என்று கையை நீட்டினாள். சம்பந்தியம்மா தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைக் கொடுத்தாள். பேத்தி நேராகப் பச்சை இலையைப் பிடித்து இழுத்தது. கேக் வந்துவிட்டது என்று யாரோ கூப்பிடும் வரை அது மடியில் இருந்தது.

கிளம்பும்போது லிப்ட் வரை மகள் வந்தாள். “போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணும்மா.” முகத்தில் களைப்பு. ஏதோ கேட்க நினைத்தவள் போலத் தாயின் தோளைப் பார்த்தாள். அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை நூலக்கா வேலைக்கு வந்தாள். கோட்டைப் போடாமல் சால்வையோடு வந்ததே காஜாக்காரிக்கு அதிசயம். சால்வையைக் கழற்றி நாற்காலியில் மாட்டியதும் ஓவென்று கூவினாள்.

“அக்கா! பார்ட்டி சட்டையோடவே வந்துட்டீங்க! கசங்கிக் கிடக்கு, இதையே போட்டுட்டுத் தூங்கினீங்களா? ஐயையோ, இதென்ன கோலம்! ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கு. என் காஜா ஒண்ணு காலியாக் கிடக்கு! ஏ, யாராவது சிவப்பு ஸ்டிக்கரை எடுங்கடி, இன்னிக்கு அக்கா முதுகுலயே ஒட்டலாம்!”

லைன் முழுக்கச் சிரிப்பு. காஜாக்காரி சிரித்தபடியே எழுந்து வந்தாள். “நில்லுங்கக்கா, கழட்டிச் சரியா மாட்டி விடறேன்.”

“தொடாதே!”

மெஷின் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கேட்டது. நூலக்கா இவ்வளவு உரக்கப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. சிரிப்பு ஒவ்வொரு மெஷினாக அடங்கியது.

“என் பொண்ணு போட்டு விட்டது” என்றாள். பிறகு தணிந்த குரலில், “சின்ன வயசுலயும் அவ இப்படித்தான். தானே சட்டை போட்டான்னா ஒரு ஓட்டை தள்ளித்தான் போடுவா” என்று சொல்லி லேசாகச் சிரிக்கவும் சிரித்தாள்.

காஜாக்காரிக்கு நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நூலக்கா அன்றைய முதல் சட்டையை எடுத்துப் பொம்மைக்கு மாட்டினாள். அதட்டவில்லை. கழுத்திலிருந்து ஒவ்வொரு பட்டனாக, அதனதன் காஜாவில், நிதானமாகப் போட்டுக்கொண்டு போனாள்.

பின்னால் யாரோ நாற்காலியிலிருந்து சால்வையை எடுப்பது கேட்டது. காஜாக்காரி அதை விரித்து, பட்டன்களில் விரல் படாமல், அவள் தோளில் மெல்லப் போர்த்தினாள்.

“சூப்பர்வைசர் வர்றாருக்கா” என்று காதோரம் சொன்னாள். “பார்த்தா சரி பண்ணச் சொல்லுவாரு.”