மாப்பிள்ளை நாற்காலியும் இடது பின்வரிசையும்

ஞாயிறு காலை ஆறு பத்து. மைதானத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு நாற்காலி. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி. இரண்டு பேர் அதைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு கோல் கம்பத்தைத் தாண்டி மேடைப் பக்கம் போனார்கள். எதிரே செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது.

நாற்காலி எங்கள் மாடியில் குடியிருந்த பையனுக்கு. ஐஸ்லாந்துக்காரன், பத்தொன்பது வயது. செஞ்சிப் பாறைகளில் ஏறிப் பழகுவதற்காக வந்து மாடியறையை வாடகைக்கு எடுத்திருந்தான். வந்த வாரமே பாறையை விட்டுவிட்டு என் தம்பியின் கால்பந்து அணியோடு ஒட்டிக்கொண்டான். தம்பிதான் கேப்டன். தினமும் காலையில் திட்டித் திட்டி அவனை இடது பின்வரிசையில், லெப்ட் பேக்காக, ஆடப் பழக்கியிருந்தான். அன்றுதான் அவனுக்கு முதல் போட்டி. எதிரணி வல்லம்.

அவன் வீட்டில் எல்லோரும் ஆட்டக்காரர்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். தாத்தாவும் அப்பாவும் ஐஸ்லாந்து தேசிய அணிக்கு ஆடியவர்கள். அக்கா இப்போதும் ஆடுகிறாள். ஒரு மாலை மாடியில் துணி காயப்போடும்போது சொன்னான்: ஊரில் அவன் நன்றாக ஆடினால், தாத்தாவின் கால் என்பார்கள், சொதப்பினால், அப்பாவின் முகத்துக்காக யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். "என்னை முதன்முதலாகத் திட்டியது உங்கள் தம்பிதான்" என்றான். அதைப் புகாராகச் சொல்லவில்லை.

போட்டிக்கு முதல் நாள், அதை நடத்தும் கமிட்டியின் செயலாளர் செல்போனில் அவன் பெயரைப் போட்டுத் தேடிவிட்டார். கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். போட்டியில் மைக்கும் அவர் கையில்தான். ஞாயிறு காலை பையன் ஜெர்சியோடு வந்ததும் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார். பிறகு மைக்கில் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தார். இது முடிந்ததும் ஆட விடுவார்கள் என்று பையன் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். தம்பிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சார், இன்னா இது? ஆட வந்தவன சேர்ல குந்த வச்சிட்டீங்க?"

"சீஃப் கெஸ்டுடா அவரு. அவங்க தாத்தா யாரு தெரியுமா? கால்ல அடிகிடி பட்டுச்சின்னா நாளைக்கு எவன்டா பதில் சொல்றது?"

"தாத்தா ஆடுனாருன்னா பேரன் குந்திக்கணுமா? நல்லா இருக்குது கதை."

"மரியாதடா!"

"உங்க மரியாதைய வந்து ஓடச் சொல்லுங்க. எனக்கு லெப்ட் பேக்கு வேணும்."

கூட்டம் சிரித்தது. தம்பி என் பக்கம் திரும்பி, "யக்கா, அவனாண்ட சொல்லு" என்றான். நான் மேடை ஓரம் போய் ஆங்கிலத்தில் சொன்னேன்: பந்தை ஒரு முறை உதைத்துத் தொடங்கிவைத்தால் போதுமாம், ஆட்டத்தில் நீ இல்லையாம்.

அவன் சிரிப்பு நின்றது. எழுந்தான். பொன்னாடையை நான்காக மடித்து நாற்காலியில் வைத்தான். செயலாளர் தோளை அழுத்தினார். அந்தக் கையை எடுத்துவிட்டு, எங்கள் மைதானத்தில் கற்ற தமிழில், "வாணாம் சார்" என்றான். செயலாளர் மறுபடியும் தாத்தா என்று ஆரம்பித்தார்.

"தாத்தா வாணாம். நான் லெப்ட் பேக்."

படியில் இறங்காமல் மேடையிலிருந்து குதித்தான்.

"அவரு எறங்குனா கமிட்டி பொறுப்பில்ல" என்று மைக் அறிவித்தது.

"பொறுப்பு என்னுது!" என்று தம்பி கத்தினான்.

வல்லம் கேப்டன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஆடட்டும் சார். நாங்க அவரு பக்கமாவே வர்றோம்" என்றான்.

அப்படியேதான் வந்தார்கள். அவன் பெரும்பாலும் தடுத்தான். இரண்டாம் பாதியில் ஒரு முறை உயரமாக வந்த பந்தைப் பார்த்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டான். கோல்.

"பரவால்ல, பரவால்ல. பெரிய குடும்பம்" என்றது மைக்.

தம்பி பாதி மைதானம் ஓடிவந்தான். "ஆள வுட்டுட்டு வானத்துல இன்னாடா பாக்கற, எரும!"

பையன் தலையாட்டினான். சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினான்.

அந்த ஒரு கோலில் வல்லம் ஜெயித்தது. அடுத்த ஞாயிறு இதே அணிகளின் இரண்டாவது ஆட்டம் வல்லத்தில் நடந்தது. இடது பின்வரிசையில் அவன் ஆடினான்.