பட்டாசுப் பையும் பாக்குவெட்டியும்

தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அந்தத் தாய்மாமன் நான் ஒருவன்தான். இடம் புனே, நல்ல நேரம் பகல் 12 முதல் 1.30 வரை. தீபாவளி முடிந்த அடுத்த வாரம், மனைவி சுமதியோடு ஆவடியிலிருந்து கிளம்பினேன்.

காலை 5.40க்கு வாடகைக் கார். குமணன்சாவடி வழியாக விமான நிலையத்துக்கு 28 கிலோமீட்டர், 55 நிமிடம், 780 ரூபாய். ஓட்டுநர் கள்ளிக்குப்பத்துக்காரர்.

“இன்னா சார், ஒம்போது மணி ஃப்ளைட்டுக்கு இப்பவேவா? சும்மா குந்திகினு இருக்கப் போறீங்க.”

“செக்கிங் இருக்கேப்பா.”

“அத்த வுடுங்க சார். பெல்ட்ட கழட்டச் சொல்லுவான், அவ்ளோதான்.”

எனக்குச் சோதனை புதிதல்ல. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருட வேலை. தினமும் வாசலில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அதனாலேயே இந்தச் சோதனைகள் மீது எனக்கு நம்பிக்கை கிடையாது. திருட நினைப்பவன் டிபன் பாக்ஸிலா வைப்பான்?

7.25க்கு வரிசை நகர்ந்தது. என் தோள்பையைத் தனியே எடுத்து, உள்ளே ஒரு சின்னத் துணியால் தேய்த்து, அதை ஓர் இயந்திரத்தில் செருகினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“இந்தப் பையில என்ன வச்சிருந்தீங்க?” என்றார் அதிகாரி.

“துணிமணிதான் சார்.”

“அதுக்கு முன்னாடி?”

அப்போதுதான் உறைத்தது. தீபாவளிக்குப் பூந்தமல்லியில் வாங்கிய பட்டாசை அந்தப் பையில்தான் திணித்துக் கொண்டுவந்தேன்; வெடிமருந்துத் தூள் உள்ளே ஒட்டியிருக்கிறது. இப்போது ஊருக்குக் கிளம்பும்போது லேசாக உதறிவிட்டுத் துணியை அடுக்கியதும் நானேதான். எங்கே வேலை என்று கேட்டார்கள். சொன்னதும் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்!

வேட்டி மடிப்பு முதல் பற்பசை மூடிவரை பிரித்தார்கள். சுமதியின் கைப்பை எனக்குப் பின்னால்தான் வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். விமானத்தில் ஏற அழைத்துவிட்டார்கள். அடுத்த விமானம் மாலையில்தான். 8.20க்கு விட்டார்கள், ஓடினோம்.

10.50க்கு புனே, 11.50க்குத் தங்கை வீடு. குழந்தை என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். காது குத்தி முடிந்ததும் தாம்பூலத் தட்டு வந்தது. கொட்டைப்பாக்கு முழுசாக இருந்தது.

“அய்யோ, நறுக்கறதுக்கு எங்க போவேன்?” என்றாள் தங்கை.

“இரு, நான் எடுத்துட்டு வந்திருக்கேன்” என்று சுமதி கைப்பையைத் திறந்து பாக்குவெட்டியை எடுத்தாள். இரும்பு, நல்ல கூர்.

“இத ஃப்ளைட்டுக்குள்ளயா கொண்டு வந்த?”

“யாரும் ஒண்ணும் கேக்கலியேங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அவள் கைப்பை உள்ளே போன நேரத்தில் எக்ஸ்ரே திரைமுன் இருந்தவர்கூட என் பைப்பக்கம்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: பட்டாசு வைத்த பையை எடுத்துப் போகாதீர்கள். இரண்டரை மணி நேரம் முன்னால் போங்கள். பாக்குவெட்டி, கத்தரிக்கோல் எல்லாம் செக்-இன் செய்யும் பெரிய பெட்டியில் போகட்டும். கூட வருகிறவரின் கைப்பையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பையை ஐம்பத்தைந்து நிமிடம் குடைந்ததிலும் எனக்கு வருத்தமில்லை, தப்பு என்னுடையது. ஆனால் அந்த ஐம்பத்தைந்து நிமிடமும் மற்றவர்கள் பையை யார் பார்த்தார்கள்?