மேட்டுக்காட்டு மண்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி மாதம். வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் காலை, எழுமலைப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மாமனார் கிடையில் விழுந்துவிட்ட செய்தியோடு வந்திருந்தார்.

"நேத்து ஏகாதசியில போயிருவாருன்னு ஊரே பாத்துச்சு. இழுத்துக்கிட்டே கெடக்காரு. அக்காவ வரச் சொன்னாக."

என் மனைவி அழவில்லை. "நான் ஊத்துனா வாயத் தொறப்பாரா?" என்று மட்டும் கேட்டாள்.

காரணம் இருந்தது. மாமனார் முதல் உலகப் போரில் மெசபடோமியா வரை போய் வந்தவர். "அம்புட்டு மண்ணு கெடக்கு மாப்ள, ஒரு எருக்கஞ்செடி இல்ல" என்று அந்தப் பாலைவனத்தைப் பற்றி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். திரும்பி வந்ததும் ஊரில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தை வாங்கித் திருத்தி வெள்ளாமை பார்த்தார். அதில் மேட்டுக்காடு என்ற துண்டை மகளுக்கு மஞ்சக்காணியாக, அதாவது கல்யாணச் சீராகக் கொடுத்தார். கோச்சடையில் வீடு கட்ட நாங்கள் அதை விற்றோம். "இனிமே ஒங்கையால பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்றவர், அன்றிலிருந்து அப்படியே இருந்தார். பொங்கலுக்குப் போனால் என்னிடம் பேசுவார். அவள் நீட்டும் செம்பை மட்டும் பார்க்காதவர் போல எழுந்து போய்விடுவார்.

உசிலம்பட்டி தாண்டியதும் பனி இறங்கியிருந்தது. வயல், பனைமரம், கமலைக் கிணறு எல்லாம் பாலில் விழுந்ததுபோலத் தெரிந்தன. பஸ் நகர்கிறதா, ஊர்தான் எங்களை நோக்கி வருகிறதா என்று தெரியவில்லை. அவள் மடியில் ஒரு தூக்குச்சட்டியில் பால் இருந்தது.

மாமனார் கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பிறந்த தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது. தேதிப் பைத்தியமான நான் போர் ஆண்டுகளை வைத்துப் போட்ட கணக்கில் எண்பதைத் தாண்டியிருந்தார். பாதிக் கண் திறந்திருந்தது. இந்துஸ்தானியில் ஏதோ முணுமுணுத்தார். நடுவில் "தண்ணி, தண்ணி" என்றார். அந்தப் பாலைவனத்தில்தான் இன்னும் நடந்துகொண்டிருந்தார் போல.

மகன்கள் பால் ஊற்றினார்கள்; ஒரு மடக்கு இறங்கியது. மகள் ஊற்றப் போனபோது பல்லைக் கடித்துக்கொண்டார். பால் தாடை வழியாக வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மூத்த மச்சினர் மனைவிதான் சொன்னார். "மண்ணாசை இருந்தா உசுரு போகாதுன்னு சொல்வாக. தோட்டத்து மண்ணக் கரச்சு நேத்தே ஊத்துனோம், கேக்கல. மேட்டுக்காட்டு மண்ணு வேணுமோ என்னவோ."

அந்த நிலத்தை வாங்கியவர் வாசலில்தான் நின்றிருந்தார். உடனே போனவர், துண்டில் ஈரச் செம்மண்ணை முடிந்துகொண்டு வந்தார். மனைவி அதைக் கரைத்து, தெளிய வைத்து, சங்கில் எடுத்தாள்.

"அய்யா, மேட்டுக்காட்டு மண்ணு."

உதடு மெதுவாகப் பிரிந்தது. ஒரு சங்கு இறங்கியது. கண்ணை முழுதாகத் திறந்தார்.

"என்ன போட்டுருக்கு?"

எங்களுக்குப் புரியவில்லை. வாங்கியவருக்குப் புரிந்தது. "வெங்காயம் போட்டுருக்கேன் பெரியவரே."

"கேணில தண்ணி எம்புட்டு கெடக்கு?"

"ஆள் மட்டத்துக்கு மேல கெடக்கு."

"பச்சையா இருக்கா?"

"போய்ப் பாத்தா கண்ணு நெறஞ்சிரும்."

அவர் மகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இன்னொரு சங்கு ஊத்து ஆத்தா" என்றார். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் கஞ்சி கேட்டார்.

"கொட்டுக்காரங்களுக்குச் சொல்லிவிட்டாச்சேண்ணே, வந்துக்கிட்டிருப்பாகளே!" என்று தலையைச் சொறிந்தார் இளைய மச்சினர்.

"வரட்டும். சும்மா அனுப்பாத, சோத்தப் போட்டு அனுப்பு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

அதன்பின் பல வருடம் இருந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே "ஆத்தா, தண்ணி கொண்டா" என்பார். எண்பதுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம், தோட்டத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர் வரப்பில் சாய்ந்தார்; அவ்வளவுதான். பால் ஊற்றக்கூட யாரும் பக்கத்தில் இல்லை. மற்றவர்கள் அதைச் சொல்லி அழுதார்கள். என் மனைவி மட்டும், "ஊத்த வேண்டியதெல்லாம் உசுரோட இருக்கையிலேயே ஊத்திட்டேன்" என்றாள்.

இன்றும் எங்காவது வாய்க்காலில் செம்மண் கலங்கித் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு அது அழுக்காகத் தெரிவதில்லை. யாரோ ஒருவர் இன்னொருவரை மன்னித்துக்கொண்டிருப்பது போலவே தோன்றுகிறது.