பேட்டரிக்கு வைத்த பொட்டு

மகள் மெல்பர்னுக்கு வேலைக்குப் போகும்போது தன் பழைய மடிக்கணினியை என்னிடம் விட்டுப் போனாள். ஞாயிறு காலை அதில்தான் முகம் பார்த்துப் பேசுவோம். வீட்டில் நான் ஒருவன்தான். மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சுக்காகவே காத்திருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பேட்டரி செத்துப்போனது. எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தாயில் கிடைக்காமல் ரவாங் டவுன் வரை மோட்டார் சைக்கிளில் போய்ப் புதிது வாங்கி வந்து மாட்டினேன். ‘பேட்டரி இல்லை’ என்றது திரை. இருக்கிறதே ஐயா, இப்போதுதானே மாட்டினேன்! கரண்ட் ஒயரைக் குத்தினால் திரை எரியும். ஆனால் குத்துமிடம் அடுப்படியில்; பக்கத்து வீட்டார் புண்ணியத்தில் வரும் வைஃபை எட்டுவது வாசலில் மட்டும். நீள ஒயர் வாங்கியிருக்கலாம். செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன் ஒரு பேட்டரியிடம் தோற்பதா என்ற வீம்பு எனக்கு.

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“அங்கிள், பேட்டரிய கழட்டிட்டு பவர் பட்டன அரை நிமிசம் அமுக்கிப் பிடிங்க. அப்புறம் மாட்டிப் பாருங்க லா.”

அமுக்கினேன், மாட்டினேன். திரை அதையே சொன்னது. ஒரு ஞாயிறு போனது, அடுத்ததும் போனது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, அப்பாவுக்கு என்ன ஆனதோ என்று பதறியிருப்பாளே என நினைத்தால் சோறு இறங்கவில்லை. என் பொத்தான் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது. அவளாவது இந்தப் போனுக்குக் கூப்பிடலாமே என்று ஒருமுறை தோன்றியது. அந்த நினைப்பை உடனே துரத்திவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கணினி, பேட்டரி இரண்டையும் தூக்கிக்கொண்டு ரவாங் போனேன். கடைக்காரர் பேட்டரியைத் திருப்பிப் பார்த்து நகத்தால் சுரண்டினார்.

“என்னா அங்கிள் இது? சந்தனமா?”

சந்தனமேதான். ஆலையில் பெல்ட், பேரிங், பம்ப் என்று எந்தப் புதுச் சாமானுக்கும் பொட்டு வைக்காமல் நாங்கள் மாட்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் இதற்கும் வைத்தேன். ஓரத்தில் சின்னச் சின்னத் தகடுகள் தங்கமாக மின்னின; பொட்டுக்குத் தோதான இடம் என்று அங்கேயே அப்பிவிட்டேன். பேட்டரி கணினியைத் தொடும் இடமே அதுதானாம். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பொட்டைப் பார்த்தேன், சந்தேகமே வரவில்லை.

“மேல வைங்க அங்கிள், வாயில வைக்காதீங்க,” என்று சிரித்துக்கொண்டே ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டிக் கொடுத்தார். உடனே சார்ஜ் ஏறியது.

மறுநாள் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். தவறிய அழைப்பு எதையும் திரை காட்டவில்லை. மூடிக் கிடந்ததால் பதிவாகாமல் போயிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளைப் பதறவைத்ததற்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்பதை இரவே ஒத்திகை பார்த்திருந்தேன். பத்து மணிக்கு அவள் முகம் வந்தது.

“ஸாரிப்பா, ரெண்டு வாரமா கூப்பிடவே முடியல. ஒரே வேலை. கோவமா?”

சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“இல்லம்மா. எனக்கும் இங்க வேலையாத்தான் இருந்துச்சு,” என்றேன்.

என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.